கோணல் விரலும் எட்டுத் தமிழ்ச் சொற்களும்

யாங்கோன் நகரத்து இன்சீனில் உள்ள எங்கள் பட்டறையின் பெண்கள் ஹாக்கி அணி இப்போது பெனால்டி கார்னரைத் தடுக்க ஓடும்போது முகமூடி மாட்டிக்கொள்கிறது. கண்ணுக்கு மட்டும் இடம் விட்டு முகம் முழுவதையும் மூடுகிற கெட்டியான பிளாஸ்டிக். முழங்காலுக்கு ஓர் உறை, கைக்குப் பஞ்சு வைத்த ஓர் உறை. சென்ற மாதம் ஒரு காலையில் அவர்களுடைய பயிற்சியைப் பார்க்கப் போயிருந்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. காலை நேரத்தில் வீட்டில் உட்கார்ந்திருந்தால் மனைவி ஏதாவது ஒழுகுகிற குழாயைக் காட்டுவாள், அதனால் வெளியே கிளம்பிவிடுவது வழக்கம்.

அணித் தலைவி என் வலது கையைப் பார்த்துவிட்டாள். என் சுண்டு விரல் நடுக்கணுவில் திரும்பி, மற்ற விரல்களோடு கோபித்துக்கொண்டதைப் போல வெளிப்பக்கம் பார்த்து நிற்கும். தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். தெரியாதவர்கள் நான் ஏதோ பெரிய இடத்துப் பழக்கம் பழகியவன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

“ஊலே, இது மெஷின்ல அடிபட்டதா?” என்று கேட்டாள். ஊலே என்றால் பர்மியத்தில் சித்தப்பா.

“மெஷின் இல்லம்மா. பந்து.”

“கைக்கு உறை போடலையா?”

“உறையும் இல்ல, முகமூடியும் இல்ல. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடுறதுதான்.”

பெண்கள் சிரித்தார்கள். அந்தக் காலத்து ஆட்டத்தைப் பற்றி எழுதிக் கொடுங்கள், அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம் என்றார்கள். வீட்டுக்கு வந்து பர்மியத்தில் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. யோசித்தபோது காரணம் தெரிந்தது. இந்த விரல் கோணிப்போன கதை நடந்ததே தமிழில்தான். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். நான் படித்துக் காட்டினால் என் மகள் பர்மியத்தில் எழுதிக் கொடுப்பாள்.

என் பெயர் மாணிக்கம். பட்டறைப் பதிவேட்டில் ஊ மியின்ட். வேலை ஃபிட்டர். ஆட்டத்தில் ரைட் பேக், அதாவது வலது பக்கத் தடுப்பாட்டக்காரன். இரண்டாம் டிவிஷனில் பதினாறு வருடம் ஆடினேன். ஒரு நாளும் முதல் டிவிஷனுக்குப் போனதில்லை, போகிற அளவுக்கு நாங்கள் ஆடியதும் இல்லை. எங்கள் ஆட்டத்துக்கு வந்த மனிதர்களைவிட நாய்கள் அதிகம். அந்த நாய்களுக்கும் எங்களைவிட எல்லைக் கோட்டோரம் விற்ற வறுவல்காரரிடம்தான் அக்கறை. அந்தப் பதினாறு வருடத்தில் நான் போட்ட கோல் மூன்று. மூன்றில் ஒன்று எங்கள் கோலுக்குள்ளேயே போட்டது.

கற்றுக்கொண்டதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இன்சீனில் நாங்கள் இருந்த, வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு திடல். மூங்கில் வேர் வளைந்திருக்கும் இடமாகப் பார்த்து வெட்டினால் அதுவே மட்டை. பத்து வயதில் அப்படித் தொடங்கி, பதினெட்டு வயதில் முதல் நிஜ மட்டையைக் கையில் வாங்கினேன். அதன் பிடிக்கு சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிச் சுற்றினேன். இருபத்து நான்கு வயதில் பட்டறை அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன்.

எடுத்தவர் சயா ஊ சான். சயா என்றால் ஆசிரியர், பயிற்சியாளரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். மெலிந்த மனிதர். கட்டம் போட்ட கைலி, தேய்த்த வெள்ளைச் சட்டை. வெயிலோ மழையோ கையில் கறுப்புக் குடை இருக்கும். அன்று என்னைத் தாண்டி நாலு தடவை பந்தைக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று மட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்தார். அவர் பேசியதெல்லாம் பர்மியம், நான் தமிழில் எழுதுகிறேன்.

“நாலு தடவையும் ஏமாந்தே.”

“ஆமாம் சயா.”

“நாலு தடவையும் திரும்பி ஓடினே. மத்தவங்க ஏமாந்த எடத்துலயே நின்னு இடுப்புல கைய வச்சுக்கிட்டாங்க. திங்கக்கிழமை வா.”

அவ்வளவுதான் தேர்வு. தினக்கூலி ஃபிட்டர் உதவியாளாகச் சேர்ந்தேன். காலையில் பட்டறை, மதியத்துக்கு மேல் பயிற்சி.

சயா ஒருவரையும் திட்ட மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிக் கைலி நுனியில் துடைப்பார். ரொம்பக் கோபம் என்றால் துடைத்து முடித்த கண்ணாடியை மறுபடியும் துடைப்பார். பாராட்டவும் மாட்டார். ஆட்டம் முடிந்து தேநீர்க்கடையில் உட்காரும்போது, மேசையில் சும்மா வைக்கிற வெறுந்தேநீரை எல்லாரும் தானே ஊற்றிக்கொள்வோம். அவருக்கு ஒருவன் ஆட்டம் பிடித்திருந்தால், அவரே கெட்டிலை எடுத்து அவன் கோப்பையில் ஊற்றுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். முதல் நாலு வருடம் நான் என் தேநீரை நானேதான் ஊற்றிக் குடித்தேன்.

லெஃப்ட் பேக்காக ஆடியவன் துரைராசு. அவனும் இன்சீன்காரன், என்னைவிட ஒரு வயது மூத்தவன், பெயரைத் தவிர உடம்பிலும் குரலிலும் ஒரு ராசாவும் கிடையாது. ஆட்டத்தில் நாங்கள் இருவரும் எங்களை அறியாமல் தமிழில் கத்திக்கொள்வோம். ஒரு நாள் எதிரணி முன்வரிசைக்காரர்கள் நாங்கள் கத்துவதைக் கேட்டு விழிப்பதை சயா பார்த்திருக்கிறார். மறுநாளே உத்தரவு போட்டார்: தடுப்பாட்டக்காரர்கள் எல்லாரும் இனிமேல் தமிழில்தான் கத்த வேண்டும்.

எட்டுச் சொல் பொறுக்கினோம். விடு, பிடி, உள்ளே, வெளியே, மேலே, ஓடு, என்னுது, உன்னுது. “வெளியே” என்றால் ஆளை ஓரத்துக்குத் தள்ளு. “விடு” என்றால் பந்தைத் தொடாதே, பின்னால் நான் இருக்கிறேன். எங்கள் கோல்கீப்பர் கோ தூன் சுத்த பர்மியர், கோ என்றால் அண்ணன். பாகோ பக்கத்து விவசாயக் குடும்பம். எட்டுச் சொல்லையும் சோறு தின்பதுபோல மென்று மென்று பழகினார். பிறகு என் மச்சினன் கல்யாணத்துக்கு வந்தவர், பந்தியில் பரிமாறியவரைப் பார்த்து “மேலே! மேலே!” என்றார். இன்னும் கொஞ்சம் போடச் சொல்கிறாராம். பரிமாறியவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

இரண்டு பருவம் இந்த எட்டுச் சொல்லாலேயே பிழைத்தோம். எதிரணிக்கு எங்கள் பேச்சு காக்கைக் கத்தல் மாதிரிதான். எங்களுக்குத் தலைக்கனமும் ஏறியது. யாங்கோன் நகரத்தில் தமிழ் என்பது நானும் துரைராசும் வீட்டில் பூட்டி வைத்திருக்கிற பெட்டி என்று நினைத்துக்கொண்டோம். இந்த ஊரில் எத்தனை வீட்டில் அம்மா தமிழ், அப்பா பர்மியம், எத்தனை பேர் பர்மியப் பெயரை வைத்துக்கொண்டு தமிழில் கனவு காண்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். ஆனாலும் நினைத்தோம்.

மூன்றாவது பருவத்தில் அணி படுத்துவிட்டது. கடைசி ஆட்டத்துக்கு முன் நாங்கள் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தோம். சமன் செய்தால் இரண்டாம் டிவிஷனில் நிற்போம், தோற்றால் கீழே போவோம். பட்டறை நிர்வாகம் சயாவைக் கூப்பிட்டு வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. கீழே போகிற அணியை வைத்திருக்க முடியாது, கலைத்துவிடுவோம், ஆட்டத்துக்காக எடுத்த தினக்கூலிகளை வீட்டுக்கு அனுப்புவோம். நின்றால் நானும் துரைராசும் நிரந்தரம், ஆளுக்கொரு லயன் வீடு.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். மச்சினன் வீட்டில் ஒரே அறை, நடுவில் சேலையைக் கட்டித் தொங்கவிட்டு எங்கள் பக்கம், அவர்கள் பக்கம் என்று பிரித்திருந்தோம். மனைவி ஏழு மாதம். இரவில் அவள் புரண்டு படுத்தால் சேலைக்கு அந்தப் பக்கம் மச்சினன் விழித்துக்கொள்வான். குழந்தை பிறந்தால் அதன் அழுகையை எந்தச் சேலையைக் கட்டி நிறுத்துவது? எனக்கு அந்த வேலையும் வீடும் வேண்டும். வேறெதையும் வாழ்க்கையில் அப்படி விரும்பியதில்லை.

ஆட்டத்தன்று மழை. காலையிலேயே பிடித்துக்கொண்டது, மதியம் தூறலாக நின்றது. சயா வழக்கம்போல ஆட்டத்துக்கு முன் எங்களை வட்டத்தைச் சுற்றி நடக்க வைத்தார். கோலுக்கு முன்னால் அரைவட்டமாகக் கோடு போட்டிருக்கும், அதற்குள்ளிருந்து அடித்தால்தான் கோல். அந்தக் கோட்டின் மேல் செருப்பில்லாமல் அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டும். எங்கே பள்ளம், எங்கே சேறு, எங்கே பந்து துள்ளும் என்று கால் படித்துக்கொள்ளும் என்பார். அன்று வட்டத்தின் உச்சியில் இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் நின்றது. “அங்க பந்து சொன்ன பேச்சு கேக்காது” என்றார்.

எதிரணி நடு முன்வரிசைக்காரர் பெயர் கோ ஜோ லின். சிவந்த நிறம், கன்னத்தில் தனக்கா என்கிற மரப்பட்டைப் பூச்சு, பார்த்தால் மந்தலேயிலிருந்து நேற்று வந்து இறங்கிய சுத்த பர்மியர் போல இருப்பார். பந்தை அடிப்பதற்கு முன் இடது குதிகாலால் தரையை இரண்டு முறை தட்டுவார். அந்தப் பருவம் முழுவதும் பெனால்டி கார்னரில் அவர் அடித்ததெல்லாம் கோலின் வலது மூலையில்தான் போய் விழுந்தது.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்திலேயே எங்கள் கணக்கு தப்பத் தொடங்கியது. துரைராசு “விடு” என்று கத்துவான். நான் விடுவேன். துரைராசுக்கு முன்னால் ஜோ லின் வந்து நிற்பார். நான் “வெளியே” என்பேன். அவர் உள்ளே திரும்புவார். முதலில் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தோம். இருபதாவது நிமிடம் நான் “உன்னுது” என்று கத்திவிட்டு ஒதுங்கினேன். எனக்கும் துரைராசுக்கும் நடுவில் புகுந்து பந்தை எடுத்து அமைதியாகக் கோலுக்குள் தள்ளினார். திரும்பும்போது உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு. அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

இடைவேளையில் சயாவிடம் போனேன். “சயா, அவருக்குத் தமிழ் தெரியும்.”

சயா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

துரைராசு கொதித்தான். “நல்லா நாலு வார்த்தை தமிழ்ல கிழிக்கிறேன். அம்மாளச் சேத்துத் திட்டுனா கை நீட்டுவான். நடுவர் வெளிய அனுப்பிருவார்.”

அவன் சொன்னதை சயாவுக்கு நான் பர்மியத்தில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். “அவர் அம்மா நமக்கு ஒண்ணும் பண்ணல. தமிழ்லயே கத்துங்க. ஆனா பொய் சொல்லுங்க.”

உள்ளே என்றால் வெளியே. விடு என்றால் பிடி. எனக்கும் துரைராசுக்கும் ஒரே நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. சிக்கல் கோ தூன்தான். அவருக்குத் தெரிந்த தமிழே எட்டுச் சொல். இரண்டு வருடம் மென்று விழுங்கிய எட்டுச் சொல்லை ஐந்து நிமிடத்தில் எப்படித் தலைகீழாக்குவது? “சரி, சரி, புரிஞ்சுது” என்று பலமாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது.

இரண்டாம் பாதி தொடங்கி இரண்டாவது நிமிடம். மெதுவாக உருண்டு வந்த பந்து. ஜோ லின்னை ஏமாற்ற நான் “விடு!” என்றேன். ஜோ லின் ஏமாந்தார். கூடவே கோ தூனும் ஏமாந்தார். கால்களை அகட்டிப் பந்துக்கு மரியாதையாக வழி விட்டார். அது உருண்டு போய்க் கம்பத்தில் முட்டி வெளியே போனது. கோலுக்குப் பின்னால் குடையோடு நின்ற சயா வந்தார். கோ தூனின் பழைய கால் உறை ஒரு பக்கம் கிழிந்து இலவம்பஞ்சு தெரியும். அதிலிருந்து இரண்டு துண்டு பிய்த்து உருட்டி, அவர் இரண்டு காதிலும் வைத்து அமுக்கினார். “இன்னைக்கு உனக்குக் காது இல்ல. கண்ணு மட்டும்தான்.”

அதற்குப் பிறகு நானும் துரைராசும் பொய்யாகப் பொழிந்தோம். என் ஆயுசில் அவ்வளவு பொய் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. ஜோ லின் இரண்டு முறை தவறான பக்கம் ஓடினார். மூன்றாவது முறை நின்று எங்களை முறைத்துப் பார்த்தார். அப்புறம் காதை மூடிக்கொண்டதைப் போல ஆடத் தொடங்கினார். ஆனால் முன்பிருந்த வேகம் இல்லை. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது எங்கள் முன்வரிசைப் பையன் சேற்றில் விழுந்தபடியே ஒரு கோல் போட்டான். ஒன்றுக்கு ஒன்று.

கடைசி நிமிடத்தில் துரைராசின் காலில் பந்து பட்டது. பெனால்டி கார்னர்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தடுக்கிறவர்களில் கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம், மற்றவர்கள் மைதானத்து நடுவுக்குப் போய்விட வேண்டும். எதிரணியில் ஒருவர் கடைக்கோட்டிலிருந்து பந்தை வட்டத்து உச்சிக்குத் தள்ளுவார். அங்கே ஒருவர் அதை நிறுத்துவார். இன்னொருவர் அடிப்பார். பந்து தள்ளப்பட்ட அந்த நொடியில் எங்களில் ஒருவன் அடிப்பவரை நோக்கி நேராக ஓட வேண்டும். அந்த ஒருவன் நான். பந்துக்கும் கல்லுக்கும் அதிக வித்தியாசம் கிடையாது. சயா கற்றுக்கொடுத்தது இதுதான்: உடம்பு இடது பக்கம், மட்டை வலது பக்கம், மட்டை புல்லைத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும், கண்ணை மூடக் கூடாது. கோலில் பாதியை நான் மூடினால் மீதிப் பாதியை கோ தூன் பார்த்துக்கொள்வார். கண்ணை மூடாதே என்பதுதான் கஷ்டம். மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

கோட்டுக்குப் போகும் வழியில் வட்டத்து உச்சியைத் தாண்டினேன். ஜோ லின் குனிந்து ஈரப் புல்லை மட்டையால் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. ஏன் நின்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மெதுவாகத் தமிழில் சொன்னேன்.

“தம்பி, வீட்டுல பொம்பள ஏழு மாசம். இது உள்ள போனா எனக்கு வேலையும் இல்ல, வீடும் இல்ல.”

அவர் நிமிரவில்லை. மட்டையால் புல்லைத் தட்டிக்கொண்டே இருந்தார். சொன்ன மறுகணமே எனக்கு உடம்பு கூசியது. பொய் சொன்னது ஆட்டம். இது பிச்சை. நடுவர் ஊதினார், ஓடிப் போய்க் கோட்டில் நின்றேன்.

பந்து தள்ளப்பட்டது. ஓடினேன். ஜோ லின்னின் இடது குதிகால் இரண்டு முறை தரையைத் தட்டுவதைப் பார்த்தேன். கண்ணை மூடவில்லை. மட்டை சுழன்றது, பந்து என் மட்டைக்கே நேராக வந்தது. மட்டையில் மோதி, அதன் மேலேயே ஏறி, என் சுண்டு விரலை நசுக்கிவிட்டு எல்லைக்கு வெளியே பறந்தது. நடுவர் நீளமாக ஊதினார். ஆட்டம் முடிந்தது.

அன்று தேநீர்க்கடையில் சயா கெட்டிலை எடுத்து என் கோப்பையில் விளிம்பு வரை ஊற்றினார். துணி சுற்றிய கையால் அதைப் பிடிக்க முடியவில்லை, இடது கையால் குடித்தேன். நாலு வருடம் காத்திருந்த தேநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். பருவம் முழுவதும் வலது மூலைக்கு அடித்த மனிதன் அன்று மட்டும் ஏன் என் மட்டையைப் பார்த்து அடிக்க வேண்டும்?

அடுத்த மாதம் நிரந்தர உத்தரவு வந்தது, வீடு வந்தது, அதற்கடுத்த மாதம் மகள் வந்தாள். வீட்டில் வள்ளி, பள்ளிக்கூடத்தில் மா கின். நான் இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆடினேன், பிறகு ஃபோர்மன் ஆனேன், அறுபது வயதில் மாலை போட்டு அனுப்பினார்கள். சயா இறந்தபோது அவருடைய குடையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். நல்ல வாழ்க்கைதான், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் விரல் கண்ணில் படும்போதெல்லாம் ஒரு முள் குத்தும். இந்த வேலையும் வீடும் நான் தடுத்துச் சம்பாதித்ததா, அல்லது இன்னொருவன் இரக்கப்பட்டுத் தூக்கிப் போட்டதா? ஜோ லின்னை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அடுத்த பருவமே வேறு வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். மனைவியிடம் ஒருமுறை சொன்னேன். “பந்து வந்துச்சு, தடுத்தீங்க, முப்பது வருசமா சோறு தின்னுட்டீங்க. இப்ப என்ன அதுக்கு?” என்று போய்விட்டாள்.

வள்ளி இப்போது நகரத்து நடுவில் லத்தாவில் மொத்தக் கடை வைத்திருக்கிறாள். பொத்தான், ஜிப், எலாஸ்டிக். லைங் தாயா பக்கத்துத் தையல் ஆலைகளுக்குப் போகும் சரக்கு. வாரத்தில் இரண்டு நாள் இன்சீனிலிருந்து நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் போய் அவள் கடையில் உட்காருவேன். நான் தமிழில் பேசுவேன், அவள் பர்மியத்தில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டு வழக்கம் அது.

சென்ற வாரம் பெரியவர் ஒருவர் வந்தார். தையல் ஆலைக்கு ஆள் ஏற்றும் பேருந்து ஓட்டுநரின் சட்டை. கையில் மாதிரிக்கு ஒரு பொத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு பெட்டியை எடுத்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

“வள்ளி, இவங்க எல்லாரும் கறுப்புதான் வாங்குவாங்க. பெரியவர் கருநீலத்த எடுத்துக்கிட்டு நிக்கிறார். கண்ணு போயிடுச்சு போல. சொல்லிடு, இல்லன்னா நாளைக்குத் திருப்பிக் கொண்டாந்து சண்ட போடுவார்.”

அவர் திரும்பாமலே சொன்னார்: “கண்ணு நல்லாத்தான் இருக்குண்ணே. கருநீலந்தான் வாங்கிட்டு வரச் சொன்னாங்க.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. அறுபத்திரண்டு வயதிலும் நான் திருந்தவில்லை. அவர் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, அடுத்த அலமாரிக்குப் போவதற்கு முன் இடது குதிகாலால் தரையை இரண்டு முறை தட்டினார்.

“நீங்க ஹாக்கி ஆடுனீங்களா?” என்றேன். குரல் எனக்கே விசித்திரமாகக் கேட்டது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. பிறகு என் கையைப் பார்த்தார், தெரிந்துவிட்டது. “இன்சீன் ரைட் பேக்” என்றார்.

வள்ளி எதிர்க்கடையிலிருந்து தேநீர் வரவழைத்தாள். மூட்டை கட்டுகிற வரைக்கும் உட்காருங்கள் என்றாள். பேசினோம். அவர் அம்மா யாங்கோனிலேயே கமாயுத்துப் பக்கத்துத் தமிழ்ப் பெண். ஆட்டம் விட்டபிறகு லாரி, அப்புறம் பேருந்து. இரண்டு மகன்கள்.

“அன்னைக்கு ஏன் தமிழ் தெரியும்னு மறைச்சீங்க?”

“மறைக்கலண்ணே. யாரும் கேக்கல. நீங்களும் கேக்கல.”

சரிதானே! தேநீரோடு வந்த கெட்டிலில் இருந்த வெறுந்தேநீர் முழுவதையும் குடித்து முடித்த பிறகுதான் அடுத்ததைக் கேட்க எனக்குத் தைரியம் வந்தது.

“கடைசி கார்னருக்கு முன்னாடி நான் உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன்.”

“சொன்னீங்க.”

“அதுக்காகத்தான் என் மட்டைக்கு அடிச்சீங்களா? உண்மையச் சொல்லுங்க. இத்தன வருசம் ஆச்சு, இனி எனக்கு வருத்தமில்ல.”

கோப்பையை வைத்துவிட்டு என் கையை இழுத்து மேசைமேல் போட்டார். கோணல் விரலை இரண்டு விரலால் பிடித்து, பொத்தானைப் பார்த்த அதே மாதிரி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“மெதுவா அடிச்ச பந்தாண்ணே இது?”

விரலை விட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்.

“பந்து தண்ணியில நின்னுடுச்சு. மூலைக்குத் திருப்ப நேரமில்ல. தலை தூக்குறேன், நீங்க மூஞ்சிக்கு முன்னால நிக்கிறீங்க. அவ்வளவு வேகமா எவனும் எம்மேல ஓடி வந்ததில்ல. இருந்த பலத்தையெல்லாம் போட்டு அடிச்சேன். அந்தக் கோல் போகலன்னு எங்க அணியில ஒரு மாசம் யாரும் எங்கூடப் பேசல.”

“அப்ப நான் சொன்னது?”

அவர் சிரித்தார். அதே சின்னச் சிரிப்பு, நடுவில் இரண்டு பல் மட்டும் இல்லை. “அரை ஆட்டம் பூரா நீங்க தமிழ்ல சொன்னது ஒண்ணாவது நெசமா? விடுன்னு சொல்லிட்டுப் பிடிக்கிறீங்க. உள்ளன்னு சொல்லிட்டு வெளிய ஓடுறீங்க. அதுக்கப்புறம் வந்து வீட்டுல ஏழு மாசம்னா எவன் நம்புவான்? மனுசன் என்னமாப் பொய் சொல்றார்னு நெனச்சுக்கிட்டேதான் அடிச்சேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ள வெட்கமாக இல்லை. முப்பத்து நாலு வருடத்து முள் வந்த வழியே வெளியே போய்விட்டது. அந்த வீடு என்னுடையது. அந்தத் தேநீரும் என்னுடையதுதான். சயா ஊற்றியபோதே நான் நன்றாகக் குடித்திருக்கலாம்.

வள்ளி மூட்டையைக் கட்டி முடித்துத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். கருநீலம் சரியாக இருக்கிறது ஊலே, என்று பர்மியத்தில் சொன்னாள்.

நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். “இதுதான் அந்த ஏழு மாசம்” என்றேன்.

ஜோ லின் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

“அடப் பாவி அண்ணே, அது மட்டும் நெசமா?”